மூணு நிமிஷ ஆடியோ போதும்... பல லட்ச ரூபாய் ஆம்ப்பை ஏ.ஐ பெடல் நகலெடுப்பது எப்படி?

அலெக்சாண்டர் டம்பிள் என்ற பெயரை கிட்டார் வாசிப்பவர்களிடம் சொல்லிப் பாருங்கள், கண் விரியும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கையாலேயே கிட்டார் ஆம்ப்ளிஃபயர்கள் செய்துகொண்டிருந்தவர். பல பத்தாண்டுகளில் அவர் செய்தது மொத்தமே சுமார் 300 ஆம்ப்கள்தான். ஸ்டீவி ரே வாகன், ராபன் ஃபோர்டு, கார்லோஸ் சந்தானா, ஜான் மேயர் என அவற்றை வாசித்தவர்களின் பட்டியலே தனி. 2022 ஜனவரியில் டம்பிள் இறந்தார். அவர் செய்த ஆம்ப் ஒன்று விற்பனைக்கு வந்தால் ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவது சகஜம். நம்மூர்க் கணக்கில் ஃபிளாட் வாங்குகிற காசு.

டம்பிளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. தன் சர்க்யூட்டை யாரும் பார்த்துக் காப்பியடித்துவிடக் கூடாது என்று, பல ஆம்ப்களில் முக்கியமான பாகங்களின் மேல் எப்பாக்ஸி பிசினை ஊற்றி மூடிவிடுவார். பிசினைப் பெயர்த்தால் பாகங்களும் சேர்ந்து வந்துவிடும். ரகசியம் பத்திரம்.

இன்றைக்கு அந்தப் பிசினைத் தொடவே வேண்டாம். ஆம்ப்பின் மூடியைக்கூடக் கழற்றத் தேவையில்லை. ஒரு பக்கம் சத்தத்தை உள்ளே அனுப்பி, மறுபக்கம் வருவதை ரெக்கார்டு செய்தால் போதும். அந்தச் சில நிமிட ஆடியோவிலிருந்து ஒரு சின்ன நியூரல் நெட்வொர்க் ஆம்ப்பின் குணத்தைக் கற்றுக்கொண்டு, உள்ளங்கை அளவு பெடலுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. இத்தாலியைச் சேர்ந்த ஐ.கே. மல்டிமீடியா நிறுவனம் 2024-ல் கொண்டுவந்த 'டோன்எக்ஸ் ஒன்' அப்படியொரு பெடல். அறிமுக விலை சுமார் 180 டாலர்.

பெடல், ஆம்ப், சிந்தசைசர், பியானோ என்று இசைக்கருவி விளம்பரங்களில் 'ஏ.ஐ' என்ற வார்த்தை இப்போது தாராளமாகப் புழங்குகிறது. அந்தப் பெட்டிகளுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது? எதற்குக் காசு கொடுக்கலாம்? யாருடைய சத்தம் யாருக்குப் போகிறது?

இது பாட்டு எழுதுற ஏ.ஐ இல்லை

இசையில் ஏ.ஐ என்றதும் பலருக்கும் சுனோ, யூடியோ மாதிரியான சேவைகள்தான் ஞாபகத்துக்கு வரும. 'மழை நாளில் ஒரு சோகப் பாட்டு' என்று டைப் செய்தால் முழுப் பாட்டே வந்து விழும். உரிமம் இல்லாமல் எங்கள் பாடல்களை வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள் என்று அந்த இரண்டு நிறுவனங்கள் மீதும் பெரிய இசை நிறுவனங்கள் 2024 ஜூனில் அமெரிக்காவில் வழக்குப் போட்டன.

நாம் பேசப்போகும் பெட்டிகள் வேறு ரகம். இவை பாட்டு எழுதாது, ராகம் தெரியாது, தாளம் தெரியாது. நீங்கள் வாசித்தால்தான் சத்தமே வரும். அளவிலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 2020-ல் வந்த ஜிபிடி-3 மாடலுக்குள் 17,500 கோடி எண்கள் இருந்தன. கிட்டார் ஆம்ப்பை நகலெடுக்கும் ஒரு வழக்கமான மாடலுக்குள் இருப்பது பதினைந்தாயிரத்துக்கும் குறைவான எண்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படத்தைவிடச் சின்ன ஃபைலாகக்கூட இருக்கலாம்.

முதல்ல, ஆம்ப்புக்கு ஏன் இவ்வளவு மவுசு?

தாத்தா வீட்டு வால்வு ரேடியோவைப் பார்த்திருக்கிறீர்களா? ஆன் செய்தால் உடனே பாடாது. உள்ளே இருக்கும் கண்ணாடி வால்வுகள் சூடேறி, மஞ்சளாக ஒளிர்ந்து, அதற்குப் பிறகுதான் குரல் வரும். எலெக்ட்ரிக் கிட்டார் ஆம்ப்பும் அதே வால்வில் பிறந்ததுதான். ரேடியோவில் டிரான்சிஸ்டர் வந்ததும் வால்வை எல்லோரும் தூக்கிப் போட்டுவிட்டார்கள். கிட்டார்காரர்கள் மட்டும் விடவில்லை.

காரணம், வால்வு செய்யும் ஒரு 'தப்பு'. தாங்குவதற்கு மேல் சத்தத்தை அதற்குள் அனுப்பினால், அலையின் உச்சிகள் மெல்ல மழுங்கும். அந்த மழுங்கலில் புதிய மேல்சுரங்கள் பிறக்கும். அதுதான் ராக் கிட்டாரின் கரகரப்பு. மெதுவாக மீட்டினால் தெளிவான ஒலி, அழுத்தி மீட்டினால் உறுமல். வாசிப்பவரின் விரலுக்கு ஆம்ப் பதில் சொல்கிற மாதிரி இருக்கும். கிட்டார் கலைஞர்கள் 'ஃபீல்' என்று சொல்வது பெரும்பாலும் இந்தப் பதிலைத்தான்.

சிக்கல் என்னவென்றால், அந்த இனிமையான கரகரப்பு நல்ல சத்தத்தில் வைத்தால்தான் முழுசாக வரும். அப்பார்ட்மென்ட்டில் அது நடக்காது. ஆம்ப் கனம், சூடு, பராமரிப்பு என்று தலைவலிகள் வேறு. வால்வுகளை இன்று பெரிய அளவில் தயாரிப்பது ரஷ்யா, சீனா, ஸ்லோவாக்கியா ஆகிய நாடுகளில் இருக்கும் ஒரு சில தொழிற்சாலைகள்தான். உக்ரைன் போர் தொடங்கிய 2022-ல் ரஷ்யா ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது கிட்டார் உலகம் கொஞ்ச நாள் பதறித்தான் போனது.

30 வருஷமா நடக்கிற காப்பி வேலை

ஆம்ப்பை டிஜிட்டலாக நகலெடுப்பது ஏ.ஐ வந்த பிறகு தொடங்கிய கதை இல்லை. 1996-ல் லைன் 6 நிறுவனம், பல ஆம்ப்களின் சத்தத்தைப் போலச் செய்யும் டிஜிட்டல் ஆம்ப் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1998-ல் அதே நிறுவனத்தின் 'பாட்' வந்தது. மொச்சைக்கொட்டை மாதிரி வளைந்த சிவப்புப் பெட்டி. வீட்டில் ரெக்கார்டு செய்பவர்களுக்கு அது பெரிய விடுதலை.

அப்போதைய வழி, பொறியாளர்கள் சர்க்யூட்டைப் படித்துக் கணக்குப் போடுவது. இந்த ரெசிஸ்டர் இவ்வளவு, இந்த வால்வு இப்படி வளைக்கும் என்று ஒவ்வொன்றையும் சூத்திரமாக எழுத வேண்டும். ஒரு ஆம்ப்புக்கே மாதக்கணக்கில் வேலை. அதோடு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். டம்பிளின் பிசின் இந்த இடத்தில்தான் குறுக்கே நிற்கும்.

2010-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கெம்பர் வேறு பாதையைக் காட்டினார். அவருடைய பெட்டி விண்வெளி சினிமா மாதிரி விநோதமான சத்தங்களை ஆம்ப்புக்குள் அனுப்பும், திரும்பி வருவதை மைக்கில் கேட்கும், அதிலிருந்து ஒரு 'புரொஃபைல்' எழுதிக்கொள்ளும். அதில் நியூரல் நெட்வொர்க் கிடையாது. ஆனால் ஆம்ப்பைத் திறக்காமலே படியெடுக்கலாம் என்ற எண்ணத்தை மேடைக்குக் கொண்டுவந்தது அந்தப் பெட்டிதான்.

இதற்கிடையில் ஆம்ப் இல்லாமலே கச்சேரி செய்யலாம் என்ற தைரியமும் வந்துவிட்டது. 2013 டிசம்பரில் மெட்டாலிகா அண்டார்டிகாவில் வாசித்தபோது, சுற்றுச்சூழல் கருதி மேடையில் முழங்கும் ஆம்ப்களே இல்லை. பார்வையாளர்கள் ஹெட்போனில் கேட்டார்கள்.

மூணு நிமிஷத்தில் என்ன கத்துக்குது?

ஏ.ஐ உள்ளே வந்த கதை கொஞ்சம் சுவாரசியமானது. 2016-ல் டீப்மைண்ட் நிறுவனம் 'வேவ்நெட்' என்ற நெட்வொர்க்கை வெளியிட்டது. நோக்கம், கம்ப்யூட்டரை மனிதர் மாதிரிப் பேசவைப்பது. அடுத்த ஆண்டே கூகுள் அசிஸ்டன்ட்டின் குரலில் அது இடம்பிடித்தது. 2019 வாக்கில் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே வகை நெட்வொர்க்கை வால்வு ஆம்ப்பிடம் கூட்டிப்போனார்கள். சரியாகச் சுருக்கினால் சாதாரண கம்ப்யூட்டரிலேயே, வாசிக்கும்போதே ஓட்டலாம் என்று காட்டினார்கள். அதே ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில் இருக்கும் நியூரல் டிஎஸ்பி நிறுவனம் 2020-ல் 'குவாட் கார்டெக்ஸ்' என்ற மேடைப் பெட்டியை அறிவித்தது. தொடுதிரை உள்ள அந்தப் பெட்டியில் உங்கள் ஆம்ப்பையே கேபிள் போட்டு 'கேப்சர்' செய்துகொள்ளலாம்.

எப்படி நடக்கிறது? பாட்டு கிளாஸை நினைத்துக்கொள்ளுங்கள். வாத்தியார் ஒரு வரி பாடுவார், சிஷ்யர் திருப்பிப் பாட வேண்டும். தப்பினால் வாத்தியார் முறைப்பார், மறுபடி பாட வேண்டும். இங்கே வாத்தியார் நிஜ ஆம்ப். கிட்டார் வாசிப்பு, இரைச்சல், கீழிலிருந்து மேலே ஏறும் ஒலி எல்லாம் கலந்த ஒரு சோதனை ஆடியோவை ஆம்ப்புக்குள் அனுப்பி, வெளியே வருவதைப் பதிவு செய்வார்கள். சுமார் மூன்று நிமிடம்.

சிஷ்யரான நெட்வொர்க் ஆரம்பத்தில் ஒன்றுமே தெரியாமல் இருக்கும். உள்ளே இருக்கும் எண்கள் எல்லாம் குருட்டாம்போக்கில் போட்டவை. அதே சோதனை ஆடியோவைக் கொடுத்தால் ஏதோ உளறும். நிஜ ஆம்ப் கொடுத்ததற்கும் இந்த உளறலுக்கும் எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டு, எண்களை லேசாகத் திருத்துவார்கள். மறுபடி கொடுப்பார்கள், மறுபடி திருத்துவார்கள். இப்படியே நூறு சுற்று போனால், காது கண்டுபிடிக்கத் திணறும் அளவுக்கு இரண்டும் நெருங்கிவிடும்.

கவனிக்க வேண்டியது என்னன்னா, முடிந்த பிறகும் அந்த நெட்வொர்க்குக்கு வால்வு என்றால் என்னவென்றே தெரியாது. எத்தனை டிரான்ஸ்ஃபார்மர், என்ன கெப்பாசிட்டர், ஒன்றும் தெரியாது. 'இது உள்ளே போனால் இது வெளியே வரும்' என்பது மட்டும்தான். ஓவர்டிரைவ் மாதிரியான எஃபெக்ட் பெடல்களையும் இப்படியே பிடிக்கலாம்.

இதில் பெரிய திருப்பத்தைக் கொண்டுவந்தது எந்த நிறுவனமும் இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். ஸ்டீவன் அட்கின்சன் என்பவர் எழுதிய 'நியூரல் ஆம்ப் மாடலர்' (சுருக்கமாக 'நாம்') இலவசம், ஓப்பன் சோர்ஸ். பயிற்சி கொடுக்க விலை உயர்ந்த கம்ப்யூட்டர்கூட வேண்டாம், கூகுளின் இலவச கோலாப் சேவையில் ஓட்டிக்கொள்ளலாம். உலகம் முழுக்க ஆட்கள் தங்கள் ஆம்ப்களைப் பிடித்து, 'டோன்3000' மாதிரியான தளங்களில் சும்மாவே போட்டுவைக்கிறார்கள். பிறகு ஹார்டுவேர் நிறுவனங்கள் அந்த ஃபைலைத் தங்கள் பெட்டியில் ஓடவைக்க வேண்டிய நிலை வந்தது. ஃபின்லாந்தின் டார்க்கிளாஸ் நிறுவனத்தின் 'அனகிராம்' அப்படியொரு பெட்டி.

வேகம் முக்கியம் பாஸ்

சாட்பாட்டிடம் கேள்வி கேட்டால் இரண்டு வினாடி யோசிக்கட்டும், பரவாயில்லை. கிட்டாரில் அது நடக்குமா? ஆடியோ என்பது வினாடிக்கு 48,000 எண்கள். கம்பியை மீட்டினால் ஒவ்வொரு எண்ணையும் வாங்கி, நெட்வொர்க் வழியாக அனுப்பி, அடுத்த எண் வருவதற்குள் கணக்கை முடித்தாக வேண்டும். அதாவது சுமார் 21 மைக்ரோவினாடிக்குள். நடைமுறையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்துக் கணக்குப் போடுவார்கள், அதனால் சில மில்லிவினாடி தாமதம் வரும். அதைத்தான் லேட்டன்சி என்கிறார்கள்.

சில மில்லிவினாடி என்றால் எவ்வளவு? ஒலி ஒரு மீட்டர் தூரம் போக ஏறக்குறைய 3 மில்லிவினாடி ஆகும். பத்து மில்லிவினாடி தாமதம் என்பது, ஆம்ப்பிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்குச் சமம். அதுவரை பலருக்குத் தெரியாது. அதைத் தாண்டினால் விரல் ஓரிடம், சத்தம் ஓரிடம் என்று வழுக்க ஆரம்பிக்கும். அதனால்தான் இந்த வேலையை கிளவுடுக்கு அனுப்ப முடியாது, பெட்டிக்குள்ளேயே முடித்தாக வேண்டும். நெட்வொர்க்கை இவ்வளவு குட்டியாக வைத்திருப்பதும் அதனால்தான்.

போட்டோதான், ஆளே வந்துட்டார்னு நினைக்காதீங்க

கேப்சர் என்பது ஒரு ஆம்ப்பின் ஒரு நிலையை எடுத்த போட்டோ. கெயின் நாப் ஆறில், டிரெபிள் ஐந்தில் இருக்கும்போது பிடித்தால் அந்த நிலை மட்டும்தான் கிடைக்கும். பெடலில் இருக்கும் கெயின் நாப்பைத் திருகினால் சத்தம் மாறத்தான் செய்யும். ஆனால் பெரும்பாலும் அது உள்ளே போகும் அளவைக் கூட்டிக் குறைப்பதுதான், நிஜ ஆம்ப்பின் நாப் செய்யும் வேலை அப்படியே கிடைக்காது. எனவே ஒரே ஆம்ப்புக்கு இருபது முப்பது கேப்சர் எடுத்து வைப்பார்கள்.

இன்னொரு வரம்பு ஞாபக சக்தி. வழக்கமான 'நாம்' மாடல் திரும்பிப் பார்ப்பது வினாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தைத்தான். ஆகவே எதிரொலி கொடுக்கும் டிலே, கோயில் மண்டபத்தில் வாசித்த மாதிரி இழுக்கும் ரிவர்ப், மெல்ல அலையும் கோரஸ் போன்ற எஃபெக்ட்களை இந்த வழியில் பிடிக்க முடியாது. அரை வினாடிக்கு முன்னால் என்ன வாசித்தீர்கள் என்பதே அதற்கு ஞாபகம் இருக்காதே. பெட்டிகளில் அவை வழக்கமான டிஜிட்டல் முறையிலேயே தனியாக வரும். விளம்பரம் இதைச் சொல்லாது.

போட்டோவைத் தாண்டிப் போக நியூரல் டிஎஸ்பி ஒரு ரோபோவைக் கட்டியது. பெயர் டீனா. நிஜ ஆம்ப்பின் நாப்களில் மோட்டாரைப் பொருத்தி, விதவிதமான நிலைகளுக்குத் தானே திருப்பி, ஒவ்வொன்றிலும் ரெக்கார்டு செய்துகொண்டே போகும். மனிதர் செய்தால் கை ஓய்ந்துபோகும் வேலை. அந்தக் குவியலில் பயிற்சி பெறும் மாடலுக்கு, நாப் திரும்பினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்துவிடுகிறது.

அப்போ சத்தம் யாருக்குச் சொந்தம்?

மறுபடி டம்பிளிடம் வருவோம். அவர் பல வருடம் காது வைத்துச் செதுக்கிய சத்தத்தை யாரோ ஒருவர் மூன்று நிமிடத்தில் பிடித்து இணையத்தில் போடுகிறார். இது திருட்டா?

சட்டத்தின் பார்வையில் பொதுவாக இல்லை. பதிப்புரிமை பாடலுக்கு உண்டு, ஒலிப்பதிவுக்கு உண்டு. ஒரு கருவி எப்படி ஒலிக்கிறது என்பதற்குக் கிடையாது. சர்க்யூட்டில் புதுமை இருந்தால் பேட்டன்ட் வாங்கலாம், ஆனால் அதற்கு ரகசியத்தை வெளியே எழுதிக் கொடுக்க வேண்டும், 20 ஆண்டில் அதுவும் காலாவதி. மிச்சம் இருப்பது பெயர். டிரேட்மார்க் பெயருக்குப் பாதுகாப்பு தருகிறது. அதனால்தான் பெடல்களின் மெனுவில் நிஜப் பெயர்கள் இருக்காது, 'பிரிட்டிஷ்', 'கலிஃபோர்னியா' என்று ஜாடையாகப் பெயர் வைத்திருப்பார்கள். எல்லோருக்கும் அது எந்த ஆம்ப் என்று தெரியும். பெயரை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆம்ப் செய்பவர்களே ஒருவரையொருவர் காப்பியடித்து வளர்ந்தவர்கள்தான். மார்ஷலின் முதல் ஆம்ப் 1960-களில் ஃபெண்டரின் பேஸ்மேன் சர்க்யூட்டைப் பார்த்துச் செய்தது. டம்பிளும் ஆரம்பத்தில் ஃபெண்டர் ஆம்ப்களில் கைவைத்துப் பழகியவர்தான். அதனால் 'ஏ.ஐ வந்து கெடுத்துவிட்டது' என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் முன்பு காப்பியடிக்கக்கூட ஒரு கைவினைஞர் தேவைப்பட்டார். அவர் அடித்த காப்பியில் அவருடைய தவறும் ருசியும் கலந்து புதிய ஆம்ப் பிறந்தது. மார்ஷல் பேஸ்மேன் மாதிரி ஒலிக்கவில்லை, மார்ஷல் மாதிரிதான் ஒலித்தது. நெட்வொர்க் அடிக்கும் காப்பியில் அந்த விபத்து நடக்காது. விலகல் குறையக் குறையத்தான் அதற்கு மார்க்.

இந்த நுட்பம் ஆம்ப்பை விட்டு மனிதர் பக்கம் திரும்பும்போது கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அங்கே நமக்கு நெருக்கமான உதாரணம் உண்டு. 2024 ஜனவரியில் 'லால் சலாம்' படத்தின் 'திமிரி எழுடா' பாடலில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ.ஐ மூலம் கொண்டுவந்தார் ஏ.ஆர்.ரஹ்மான். குடும்பத்தினரிடம் அனுமதி வாங்கியதாகவும், அதற்குரிய தொகை கொடுத்ததாகவும் அவரே அறிவித்தார். அதே ஆண்டு 'தி கோட்' படத்தில் பவதாரிணியின் குரலை யுவன் ஷங்கர் ராஜா கொண்டுவந்தார். அமெரிக்காவின் டென்னசி மாகாணம் 2024-ல் 'எல்விஸ் சட்டம்' போட்டு, ஒருவரின் குரலை அனுமதியில்லாமல் ஏ.ஐ மூலம் போலச் செய்வதைத் தடை செய்தது. குரலுக்கு இப்படி வேலி வர ஆரம்பித்திருக்கிறது. ஒரு வீணைக் கலைஞரின் மீட்டலுக்கோ ஒரு நாதஸ்வரக்காரரின் சீவாளி ஒலிக்கோ அப்படித் தெளிவான வேலி இல்லை. அவர் வாசித்த ரெக்கார்டிங்குக்கு உரிமை உண்டு, அவர் ஒலிக்கும் விதத்துக்கு?

காப்பியைத் தாண்டினால்...

புதிய சத்தம் உண்டாக்கும் பெட்டிகளும் இருக்கின்றன, ஆனால் அவை இன்னும் ஆய்வுக்கூட வாசனையோடுதான் இருக்கின்றன. கூகுளின் மஜென்டா குழு 2018-ல் 'என்சிந்த் சூப்பர்' என்ற சின்னப் பெட்டியின் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளும்படி வெளியிட்டது. நடுவில் ஒரு தொடுதிரை. நான்கு மூலையில் நான்கு கருவிகள். விரலை நகர்த்தினால் புல்லாங்குழலுக்கும் சிதாருக்கும் நடுவில் இருக்கும் ஒரு ஒலி வரும். இரண்டையும் ஒன்றாக ஒலிக்க வைப்பது மாதிரி இல்லை, இரண்டின் குணத்தையும் கலப்பது. ஆனால் அன்றைய நெட்வொர்க் ரொம்ப மெதுவு. அதனால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஒலிகளை முன்கூட்டியே சமைத்து உள்ளே அடைத்து வைத்திருந்தார்கள். பிரெஷ் ஜூஸ் என்று போர்டு, உள்ளே பாட்டில் ஜூஸ்.

மூன்றே வருடத்தில் நிலைமை மாறியது. பாரிஸில் உள்ள இர்காம் இசை ஆய்வு நிறுவனத்தினர் 2021-ல் வெளியிட்ட 'ரேவ்' மாடல், சாதாரண லேப்டாப்பிலேயே நிஜ நேரத்தைவிட 20 மடங்கு வேகத்தில் ஒலி உண்டாக்கியது. அதே நிறுவனத்தில் இயங்கும் ஒரு குழு, 'நியூரோரேக்' என்ற பெயரில் மாடுலர் சிந்தசைசரில் செருகும் ஏ.ஐ கருவியையும் செய்து காட்டியது.

நம் இசைக்கு இதில் ஒரு தனி விசேஷம் உண்டு. சாதாரண கீபோர்டில் கமகம் வருவதில்லை, ஒவ்வொரு கட்டையும் ஒரு சுரத்தில் நின்றுவிடும். மஜென்டா குழு 2020-ல் வெளியிட்ட இன்னொரு முறை, பாடுபவரின் சுருதி எப்படி வளைந்து போகிறது, சத்தம் எப்படி ஏறி இறங்குகிறது என்ற இரண்டு கோடுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் மேல் வேறொரு கருவியின் ஒலியைப் பூசியது. வளைவு வளைவாகவே வரும். அந்த ஆண்டு சுதந்திர தினத்தையொட்டி கூகுளும் பிரசார் பாரதியும் சேர்ந்து, தேசிய கீதத்தைப் பாடினால் அதைப் புல்லாங்குழல், ஷெனாய், சாரங்கியாக மாற்றித் தரும் ஒரு சோதனையை வெளியிட்டன. அது போனில் ஓடியது. கர்னாடக இசைக்கென்று இப்படியொரு பெட்டியை யாராவது செய்தால் முதல் ஆளாக நான் கியூவில் நிற்பேன்.

எல்லாவற்றிலும் என்னை நிறுத்திய கருவி யமஹாவின் 'தாரெதெமோ பியானோ'. ஜப்பானிய மொழியில் 'யார் வேண்டுமானாலும்' என்று அர்த்தம். உடல் குறைபாடுள்ள ஒரு பள்ளி மாணவி ஷோபனின் நாக்டர்ன் ஒன்றை வாசிக்க ஆசைப்பட்டதிலிருந்து தொடங்கியது. அவர் ஒரு விரலில் மெலடியை வாசிக்க, இடது கைப் பகுதியையும் பெடலையும் பியானோ தானே பார்த்துக்கொள்ளும். அவர் தயங்கினால் அதுவும் காத்திருக்கும், வேகமெடுத்தால் கூடவே ஓடிவரும். நல்ல பக்கவாத்தியக்காரர் செய்வதும் இதுதானே? 2023 டிசம்பரில் டோக்கியோவின் சன்டோரி ஹாலில், உடல் குறைபாடுள்ள மூன்று பியானோ கலைஞர்கள் இந்தக் கருவியில் ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்ந்து பீத்தோவனின் ஒன்பதாவது சிம்ஃபனியை வாசித்தார்கள். பெடல் விளம்பரங்களை வாரக்கணக்கில் படித்த பிறகு இதைப் படித்தபோதுதான் 'இதுக்குத்தான்யா டெக்னாலஜி' என்று தோன்றியது.

சரி, வாங்கலாமா?

முதலில் பெட்டியில் எழுதியிருக்கும் 'ஏ.ஐ' என்ன செய்கிறது என்று கேளுங்கள். சிலதில் அது உங்கள் ஆம்ப்பைக் கற்றுக்கொள்ளும். சிலதில் நிறுவனம் ஏற்கெனவே பயிற்சி கொடுத்ததை ஓட்ட மட்டும் செய்யும். சிலதில் ஆப்புக்குள் ஒரு சாட்பாட் உட்கார்ந்து 'இந்தப் பாட்டுக்கு இந்த டோன்' என்று பரிந்துரைக்கும், ஒலிக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. பாஸ் நிறுவனத்தின் பொருட்களில் 'ஏ.ஐ.ஆர்.டி' என்று ஒரு எழுத்துக்கூட்டம் இருக்கும். அதிலுள்ள ஏ.ஐ செயற்கை நுண்ணறிவைக் குறிப்பதே இல்லை, நிறுவனமும் அப்படிச் சொல்லவில்லை. பார்ப்பவர்தான் குழம்புவார்.

அடுத்து, ஃபைல் யாருடையது என்று பாருங்கள். ஒரு நிறுவனத்தின் கேப்சர் பெரும்பாலும் அதன் பெட்டியில் மட்டும்தான் ஓடும். ஐந்து வருடம் கழித்து அந்த மாடலை நிறுத்திவிட்டால் நீங்கள் சேர்த்து வைத்ததெல்லாம் அதோடு நிற்கும். திறந்த 'நாம்' ஃபைல்களையும் ஏற்கும் பெட்டி என்றால் அந்தப் பயம் குறைவு.

உண்மையில், இந்தச் சம்பளத்திலேயே பெடல் வாங்கியாக வேண்டும் என்று அவசரமில்லை. லேப்டாப்பும் ஒரு சாதாரண ஆடியோ இன்டர்ஃபேஸும் இருந்தால் 'நாம்' பிளகினை இலவசமாக இறக்கி, நாலைந்து கேப்சரைப் போட்டு ஒரு மாதம் வாசித்துப் பாருங்கள். பெடல் தரும் ஒலியில் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிடும். மேடைக்கு லேப்டாப் தூக்கிப் போக வேண்டாம் என்ற நிம்மதிக்குத்தான் பெடலின் விலை. ஒரு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கேப்சரில் ஸ்பீக்கர் ஒலியும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதற்குத் தனியாக 'ஐ.ஆர்' ஃபைல் போட வேண்டும், போடாவிட்டால் கொசு கத்துகிற மாதிரி இருக்கும். புதிதாக வருபவர்களில் பாதிப் பேர் 'ஏ.ஐ டோன் நல்லாவே இல்ல' என்று ஓடுவது இதனால்தான்.

சொந்தமாக வால்வு ஆம்ப் வைத்திருந்து அதைப் பிடிக்க ஆசையா? அதன் ஸ்பீக்கர் அவுட்டை நேரடியாக இன்டர்ஃபேஸில் செருகிவிடாதீர்கள். இன்டர்ஃபேஸ் காலி, ஸ்பீக்கரோ லோடோ இல்லாமல் ஓடினால் ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மரும் காலி. நடுவில் லோட் பாக்ஸ் வேண்டும். அது இல்லையென்றால் ஸ்பீக்கரை அப்படியே ஒலிக்கவிட்டு, முன்னால் ஒரு மைக்கை வைத்துப் பதிவு செய்யலாம். பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டால் நல்லது, மூன்று நிமிடம்தான்.